ஒப்புநோக்குதல்: ஏட்டை அடுக்குவதில் தொடங்கி பாடவேறுபாடு குறிப்பது வரை

ஏட்டுக்கட்டு:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு தலபுராணத்தைப் பதிப்பிக்கும் வேலை கைக்கு வந்திருக்கிறது. மூன்று ஓலைச்சுவடி, ஒரு காகிதக் கையெழுத்துப்படி, 19ஆம் நூற்றாண்டு அச்சு ஒன்று. முந்நூறு பாடலுக்குச் சற்று மேல், பெரும்பாலும் அறுசீர் விருத்தம். "முதலில் ஒப்புநோக்கிவிடு" என்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். ஒருவர் கலைந்த ஏடுகளை வரிசைப்படுத்துவது என்கிறார், இன்னொருவர் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு குறிப்பது என்கிறார், மூன்றாமவர் நல்ல பாடத்தை, அதாவது பிரதிகளில் மாறிவரும் சொல்வடிவங்களில் சரியானதை, தேர்ந்து வைப்பது என்கிறார். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அச்சுநூலை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிட்டால் போதுமா?

நாராசம்:
முதல் இரண்டும் ஒப்புநோக்குதல். மூன்றாவது அதில் சேராது, அது பாடத் தேர்வு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் பெரும்பாலான பதிப்புகளைக் கெடுத்தது.

பழைய பதிப்பாசிரியர்கள் முகப்பில் "பல பிரதிகளைக் கொண்டு பரிசோதித்து" என்று போடுவார்கள். அந்தப் பரிசோதனைக்குள் ஒப்பிடுதல், தேர்தல், திருத்தல் மூன்றும் அடங்கும். எந்த இடத்தில் எதைச் செய்தார்கள் என்பது பல பதிப்புகளில் வாசகனுக்குத் தெரியாது. உ.வே.சா. பதிப்புகளில் அடிக்குறிப்பில் "(பி - ம்.)" என்று வருகிறதே, பிரதிபேதம் என்பதன் சுருக்கம், அதன் அருமை இங்கேதான். தான் ஏற்காத பாடத்தையும் நம் கண்ணில் படவைக்கிறார். ஏற்றது தவறு என்று தோன்றினால் நாமே மாற்றி யோசிக்கலாம்.

பழக்கம் அவருக்கும் முந்தியது. "என்று பாடம் ஓதுவாரும் உளர்" என்று உரையாசிரியர்கள் எழுதுவது வேறுபட்ட பாடங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான்.

உங்கள் வேலைக்கு வரிசை இது: அடுக்கு, படியெடு, ஒப்பிடு, பதிவு செய். அதுவரை எந்தப் பாடம் சரி என்று வாயே திறக்கக்கூடாது.

எண்சீர்:
அடுக்குவதைப் பற்றி நான் எழுதுகிறேன், அதை ஐந்து நிமிட வேலை என்று நினைத்துக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம்.

கட்டைப் பிரித்ததும் ஏட்டை வரிசை மாற்றாதீர்கள். முதலில் கிடைத்த நிலையிலேயே ஒவ்வோர் ஏட்டையும் இரண்டு பக்கமும் படமெடுங்கள், கம்பையையும் (கட்டின் மேலும் கீழும் வைக்கும் மரச்சட்டம்) சேர்த்து. "கிடைத்த வரிசை எண்" என்று ஒரு பத்தி, "ஏட்டெண்" என்று இன்னொரு பத்தி. இரண்டும் வேறாக இருக்கும். இடையில் வேற்று நூலின் ஏடு நுழைந்திருந்தால் அது எங்கே இருந்தது என்பதும் ஒரு செய்தி.

ஏட்டெண் வழக்கமாக முன்பக்கத்து இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும், பின்பக்கத்துக்கு எண் இராது. 23 என்றால் ௨௰௩. இங்கே வரும் தடுமாற்றங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ௧ என்பது க போல, ௨ உ போல, ௪ ச போல, ௫ ரு போல, ௬ சு போல, ௭ எ போல, ௮ அ போல, ௯ கூ போல. பாடலின் எண்ணும் இதே வடிவத்தில் பாட்டுக்கு நடுவே, இடைவெளி விடாமல், வரும். பாடலெண்ணை எழுத்தாகப் படித்துவிட்டு "இந்தச் சுவடியில் ஒரு 'உ' கூடுதல்" என்று பாடவேறுபாடு குறித்தவர்கள் உண்டு.

ஓரம் முறிந்து எண் போய்விட்டால்:

– பாட்டு ஏட்டின் கடைசியில் முடியாமல் அடுத்த ஏட்டுக்குப் போகும். தொங்கும் சொல்லைப் பிடியுங்கள்.
– பூச்சி துளைத்த ஓட்டையைப் பாருங்கள். அடுத்தடுத்திருந்த ஏடுகளில் ஒரே இடத்தில் ஊடுருவியிருக்கும், போகப்போகச் சற்று நகரும். நான்கைந்து ஏட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டை நேர்ப்பட்டால் அந்த அடுக்குப் பெரும்பாலும் சரி. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியும் பார்க்கலாம், ஏட்டைத் தொடவே வேண்டாம்.
– ஏட்டின் அகலம், நூல் கோக்கும் துளைகளுக்கு இடையே உள்ள தூரம். கட்டில் வேறு நூலின் ஏடு கலந்திருந்தால் இவை ஒவ்வாது.

கடைசி ஏட்டில் எழுதி முடித்த நாள் இருந்தால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள். வெறும் பிரபவ முதலிய ஆண்டுப்பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். கொல்லம் ஆண்டும் சேர்ந்திருந்தால் உறுதி. திருநெல்வேலிப் பக்கச் சுவடிகளில் அது அடிக்கடி வரும். ஆவணியில் பிறக்கும் ஆண்டு. ஆங்கில ஆண்டு காண, ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825.

ஏட்டுக்கட்டு:
நன்றி அக்கா. ஒரு சுவடியில் நடுவில் பத்துப் பன்னிரண்டு ஏடு தலைகீழாகக் கோத்திருப்பது இப்போதுதான் புரிந்தது. அடுத்து, படியெடுக்கும்போது புள்ளி வைக்கவா வேண்டாமா? ஏட்டில் புள்ளியே இல்லை. எ-ஏ, ஒ-ஓ பிரிப்பும் இல்லை.

புள்ளிமயங்கி:
புள்ளி வைத்துத்தான் எடுக்கவேண்டும். ஏட்டில் "கணடான" என்று இருப்பதை "கணடான" என்றே தட்டச்சு செய்தால் எல்லா வரியும் எல்லாச் சுவடியோடும் வேறுபடும். உண்மையான வேறுபாடு அந்தக் குப்பையில் தொலைந்துபோகும்.

நாராசம்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். "கணடான" போன்ற இடத்தில் ஐயமே இல்லை, புள்ளி வைக்கலாம். ஐயம் உள்ள இடம் வேறு. ஏட்டில் கால் குறியும் ரகரமும் ஒரே வடிவம். ஒற்றைக் கொம்பு, க, அடுத்து அந்த வடிவம் என்று இருந்தால் அதைக் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என்று ஆறு விதமாகப் படிக்கலாம். "தரம" என்று தெரிவது தரம் ஆகலாம், தாம் ஆகலாம். இரண்டும் பொருள் தரும் சொற்கள். படியெடுப்பவர் ஒன்றைத் தட்டச்சு செய்துவிட்டால் மற்றதற்கான சான்று அங்கேயே அழிந்துவிடும். நாளைக்கு நீங்கள் "மூன்று சுவடியிலும் தாம் என்று இருக்கிறது" என்று எழுதுவீர்கள். உண்மையில் மூன்றிலும் இருப்பது இரண்டுக்கும் பொதுவான வடிவம்.

புள்ளிமயங்கி:
அந்த இடங்களில் யாப்பு சொல்லுமே ஐயா. தரம் நிரையசை, தாம் நேரசை. கொடு என்றால் நிரை ஒன்று, கோடு என்றால் நேர், நேர். அறுசீர் விருத்தத்தில் சீர் அளவு ஒழுங்காக ஓடும்போது பெரும்பாலும் ஒன்றுதான் பொருந்தும்.

நாராசம்:
பெரும்பாலும் பொருந்தும். அப்படித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அது முடிவெடுக்கும் கட்டம். ஒப்பிடும் கட்டத்தில் இரண்டு வரி வைத்துக்கொள்ளுங்கள்: மேலே ஏட்டில் உள்ளபடி, கீழே புள்ளியும் காலும் பிரித்துப் படித்தபடி. ஒப்பிடுவது கீழ்வரியை வைத்து. ஐயம் வந்தால் மேல்வரியைப் பார்ப்பது. எல்லாப் பாட்டுக்கும் மேல்வரி எழுத நேரம் இல்லையென்றால், மாறிப் படிக்க இடமுள்ள சொல்லுக்கு மட்டுமாவது ஓர் உடுக்குறி (*) போட்டு மேல்வரி எழுதுங்கள்.

எகர ஒகரத்துக்கும் மெய்யைப் போலவே புள்ளி உண்டு என்று தொல்காப்பிய எழுத்ததிகாரம் சொல்கிறது. ஏடு எழுதியவர்கள் அதைக் கைவிட்டார்கள். இன்று நாம் எழுதும் ஏ, ஓ வேறுபாடு வீரமாமுனிவர் சீர்திருத்தத்தோடு வந்தது. ஆகவே அச்சுநூலில் உள்ள ஒவ்வொரு நெடில் ஏகாரமும் யாரோ ஒருவர் படித்து எடுத்த முடிவு. அச்சை அடிப்படையாக வைக்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கு இதுவே பாதி விடை.

எண்சீர்:
மீதிப் பாதி நான். அடிப்படைப் படி என்பதற்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, எண்ணிடவும் வரிசைப்படுத்தவும் ஒரு சட்டகம். மற்றது, அச்சிடப்போகும் மூலம். முதல் வேலைக்கு அச்சுநூல் மிக வசதி, பாடலெண் தெளிவாக இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதை வைத்தே எண்ணிடுங்கள். ஆனால் அச்சில் இருப்பதோடு ஒத்தால் சரி, ஒவ்வாவிட்டால் பிழை என்ற எண்ணம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடல் வரிசை சுவடிக்குச் சுவடி மாறும். அதற்குத் தனி அட்டவணை: அச்சின் எண், அதற்கு நேரே ஒவ்வொரு சுவடியிலும் அது எத்தனையாவது. அச்சில் இல்லாத பாடலுக்கு 114அ, 114ஆ என்று கொடுங்கள். புதிதாகத் தொடர் எண் போட்டால் பின்னால் எல்லா மேற்கோளும் குழம்பும்.

இனி வேறுபாட்டைப் பதியும் கட்டத்தாள். புனே பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் மகாபாரதத்தை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது செய்ததுதான் இதற்கு நல்ல முன்மாதிரி. 1919இல் தொடங்கி 1966இல் முடித்த வேலை, ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட சுவடிகள். தஞ்சை சரசுவதி மகாலிலும் சாந்திநிகேதனிலும் தனிக் குழுக்கள் உட்கார்ந்து ஒப்பிட்டன. கட்டம் போட்ட தாளில் மேல்வரிசையில் சுலோகத்தை எழுத்தெழுத்தாக எழுதி, கீழே ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு வரிசை ஒதுக்கி, வேறுபட்ட எழுத்தை மட்டும் அந்தந்தக் கட்டத்தில் நிரப்பினார்கள். வலது ஓரத்தில் விடுபட்டவை, கூடுதலானவை.

நமக்கு எழுத்துக்கு ஒரு கட்டம் வேண்டாம், சீருக்கு ஒன்று போதும். அறுசீர் விருத்தம் என்றால் 4 அடி, அடிக்கு 6 சீர், ஆக 24 பத்தி. ஐந்து படிகளுக்கு ஐந்து வரிசை. ஒரு பாட்டுக்கு ஒரு சிறு அட்டவணை. சொல்லாகப் பிரிக்காதீர்கள், ஏட்டில் சொல் இடைவெளி கிடையாது, புணர்ச்சியைப் பிரிப்பதே ஒரு முடிவு. சீர் என்பது யாப்பு கொடுக்கும் எல்லை, பெரும்பாலும் சண்டைக்கு இடமில்லை.

வெற்றுக் கட்டம்தான் ஆபத்து. "ஒத்திருக்கிறது", "ஏடு முறிந்திருக்கிறது", "எழுதியவர் விட்டுவிட்டார்", "நான் இன்னும் பார்க்கவில்லை" நான்கும் வெறுமையாகவே தெரியும். ஒத்தால் = போடுங்கள். முறிந்தால் போன எழுத்துக்கு ஒரு × (அதே ஏட்டில் முழுதாக உள்ள வரியில் எத்தனை எழுத்து என்று எண்ணி மதிப்பிடலாம்). விட்டிருந்தால் –. பார்க்காதது மட்டுமே வெறுமை. ஒரு சீர் விடுபட்ட சுவடியில் அடுத்த சீரை இடப்பக்கம் நகர்த்திவிடாதீர்கள், அதன் பின் அந்த அடி முழுக்க வேறுபாடாகத் தெரியும்.

பாரம்16:
அச்சுத்தொழில் பக்கமிருந்து இரண்டு வார்த்தை. பைண்டிங்கில் நாங்கள் செய்வதும் ஒப்புநோக்குதல்தான். மடித்த பாரங்களை அடுக்கிய பிறகு வரிசை சரியா என்று பார்ப்பது. ஒரு தாளை மூன்று மடிப்பு மடித்தால் 8 இதழ், 16 பக்கம், ஒரு பாரம். பாரத்தின் முதுகில் ஒரு கறுப்புக் கட்டை அச்சாகியிருக்கும், ஒவ்வொரு பாரத்துக்கும் சற்றுக் கீழே இறங்கும். அடுக்கி நிறுத்தி முதுகைப் பார்த்தால் படிக்கட்டுப் போலத் தெரியும். ஒரு படி காணாவிட்டால் பாரம் விடுபட்டிருக்கிறது, ஒரே உயரத்தில் இரண்டு இருந்தால் இரட்டித்திருக்கிறது, கட்டையே மறுமுனைக்குப் போயிருந்தால் தலைகீழ்.

பழைய நூலில் முதுகுக் கட்டை இருக்காது. பாரத்தின் முதல் பக்க அடியில் சிறிய எண் இருக்கிறதா பாருங்கள். உங்கள் அச்சுப்படியை ஒப்பிடுவதற்கு முன் அந்த எண் தொடர்ச்சியைச் சரிபாருங்கள். ஒரு பாரம் விடுபட்ட பிரதியை வைத்துக்கொண்டு "அச்சில் இந்தப் பாடல்கள் இல்லை" என்று எழுதிவிடக்கூடாது. கடைசியில் பிழைதிருத்தப் பட்டியல் இருந்தால் அதையும் கட்டத்தில் ஏற்றுங்கள், தனி வரிசையாக. கிடைத்தால் அதே பதிப்பின் இன்னொரு பிரதியையும் புரட்டுங்கள். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்திரத்தை நிறுத்திப் பிழை திருத்துவார்கள். முன்னே இறங்கிய தாளில் பிழையும் பின்னே இறங்கியதில் திருத்தமும் இருக்கும்.

நாராசம்:
இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 முதல் தொகுதி. வாஷிங்டன் ஃபோல்ஜர் நூலகத்தில் அதன் பிரதிகள் ஏராளம். சார்ல்டன் ஹின்மன் ஐம்பதுக்கு மேற்பட்ட பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அதற்கென்றே கண்ணாடிகளும் விளக்குகளும் வைத்து ஓர் எந்திரம் செய்தார். இரண்டு பிரதியின் ஒரே பக்கத்தை மாறிமாறிக் காட்டும். எழுத்து மாறிய இடம் மட்டும் துடிப்பதுபோல் தெரியும். ஆய்வு 1963இல் நூலாக வந்தது. ஒரே அச்சின் இரண்டு பிரதிக்கு நீங்கள் இன்று இரண்டு ஸ்கேனை அடுக்கி மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கையெழுத்துச் சுவடிக்கு இது உதவாது.

ஏட்டுக்கட்டு:
கட்டம் போடத் தொடங்கிவிட்டேன். ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்கலாமா, அல்லது தனியாகவே செய்வது நல்லதா?

எண்சீர்:
இருவர் என்றால் வேகம், ஆனால் காதுக்கு ஒலி வேறுபாடு பிடிபடாது. ஏட்டைப் படிக்கச்சொல்லிக் கேட்டு எழுதிய காலத்திலேயே ல-ள-ழ, ர-ற, ந-ன-ண மாறிய பிழைகள் ஏராளம். நீங்களும் அதையே திரும்பச் செய்யக்கூடாது. வாசிப்பவர் வேறுபடும் எழுத்தைப் பெயர் சொல்லிச் சொல்லட்டும்: சிறப்பு ழகரம், வல்லின றகரம், டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ஒற்று மிகும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். "கைக்கொண்டு" என்பதும் "கைகொண்டு" என்பதும் வேகமாகப் படித்தால் ஒன்றுபோலக் கேட்கும்.

கண்ணால் வரும் பிழை தனி: க-த, ப-ய, வ-ப, ம-ழ. கட்டத்தில் வேறுபாட்டுக்குப் பக்கத்தில் "காது" அல்லது "கண்" என்று ஒரு குறிப்பு வைத்தால் பின்னால் பயன்படும். ஒரு சுவடி முழுக்கக் காதுப்பிழையாக இருந்தால் அது சொல்லக் கேட்டு எழுதியது.

அப்புறம் தாவல். உரைநூலில் ஒவ்வொரு பகுதியும் "என்றவாறு" என்று முடியும். எழுதுபவர் கண் ஒரு "என்றவாறு"விலிருந்து அடுத்த "என்றவாறு"க்குத் தாவி, நடுவில் உள்ளது முழுவதும் போய்விடும். விருத்தத்தில் நான்கு அடிக்கும் ஒரே எதுகை என்பதால் இரண்டாமடியிலிருந்து நான்காமடிக்குத் தாவுவது இயல்பு. அப்படி விடுபட்டதை "இந்தச் சுவடி சுருக்கமான பாடம் உடையது" என்று கொண்டாடவேண்டாம்.

குறியீட்டுவரிசை:
கணினிப் பக்கம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொல்லை எக்செல் வேறு என்று சொன்னால் பெரும்பாலும் காரணம் இவை:

ஒள என்று ஒகரமும் ளகரமும் தட்டியது, ஔ என்று ஒரே எழுத்தாகத் தட்டியது. கெள, கௌ அதேபோல்.
ஸ்ரீ. முதலெழுத்தை ஸ் என்று உள்ளிட்டாலும் ஶ் என்று உள்ளிட்டாலும் பல எழுத்துருவில் ஒரே வடிவம்தான் வரும், குறியெண் வேறு.
கொ என்பதை ஒற்றைக் குறியாகச் சேமித்தது, கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமித்தது.
பிடிஎஃபிலிருந்து ஒட்டியபோது வந்த கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள்.
தமிழ் எண் ௧ இருக்கவேண்டிய இடத்தில் க.

மூன்றாவதை யூனிகோடு நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு முறைகளை ஒன்றாக்கும் செயல்) தானாகச் சரிசெய்யும். மற்றவை செய்யாது, தேடி மாற்றவேண்டும். ஒப்பிடத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

பாட்டு முதற்குறிப்பு அகராதி போடும்போது இன்னொரு சிக்கல். தரவுத்தளத்தில் கொலேஷன் என்று ஒரு தேர்வு இருக்கும், எந்த எழுத்து எதற்கு முன் என்ற விதி அது. அதைத் தமிழுக்கு வைக்காமல் வெறும் குறியெண் வரிசையில் அடுக்கினால் ன நகரத்தை ஒட்டியும் ற ரகரத்தை ஒட்டியும் வந்துவிடும். பந்து, பனை, பப்பாளி என்று அடுக்கும். வரவேண்டியது பந்து, பப்பாளி, பனை. புள்ளியெழுத்து வேறு உயிர்மெய்க்குப் பின்னால் போகும், "கடல்" முந்தி "கட்டு" பிந்தும். ஐசியு என்ற மென்பொருள் நிரல் தொகுப்பில் தமிழ் விதி இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் அதை நேரடியாகத் தேரலாம்.

ஒப்பிடும் வேலைக்கென்றே கொலேட்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. துண்டாக்கு, ஒருமைப்படுத்து, நேர்ப்படுத்து என்று படிப்படியாகச் செய்யும். துண்டாக்கும் வேலையை மட்டும் அதனிடம் விடாதீர்கள், அது இடைவெளியை வைத்து வெட்டும். சீராகப் பிரித்து நீங்களே கொடுங்கள்.

ஏட்டுக்கட்டு:
ஐம்பது பாடல் முடிந்தது. காகிதப் படி இரண்டாம் சுவடியோடு ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒத்துப்போகிறது. அதைத் தொடரவேண்டுமா, விட்டுவிடலாமா?

நாராசம்:
ஒத்துப்போவது ஒன்றையும் நிரூபிக்காது. சரியான பாடத்தில் எல்லாச் சுவடியும் ஒத்துப்போகும். பிழையில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டாம் சுவடியின் தனிப்பிழைகள் அத்தனையும் காகிதத்தில் இருந்து, அதற்கு மேல் காகிதத்துக்கென்று சில புதுப்பிழைகளும் இருந்தால் இது அதன் நகல். இன்னும் உறுதியான சான்று வேண்டுமானால், சுவடியில் ஏடு முறிந்த அதே எழுத்துகளில் காகிதத்தில் புள்ளிக்கோடோ வெற்றிடமோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முறிந்த பிறகு அதைப் பார்த்து எழுதியது.

பொதுக்குறை எவ்வளவு சொல்லும் என்பதற்குச் சங்க நூல்களே சான்று. புறநானூற்றில் 267, 268 எந்தச் சுவடியிலும் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130, நற்றிணையில் 234, பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் அப்படியே. வெவ்வேறு ஊர்ச் சுவடிகள் ஒரே இடத்தில் தனித்தனியே இழந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏற்கெனவே குறைந்துபோன ஒரு மூலப்படியிலிருந்து எல்லாம் இறங்கியிருக்கவேண்டும்.

எண்சீர்:
ஆனாலும் காகிதத்தை ஐம்பது பாட்டோடு விட்டுவிடாதீர்கள். எழுதியவர் நடுவில் வேறு சுவடி பார்த்திருக்கலாம். ஹம்சபாதக் குறி (விடுபட்டதைச் சேர்க்கும் இடத்தைக் காட்டும் குறி) போட்டு ஓரத்தில் சேர்த்த சொற்கள் இருந்தால் அந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். தொடக்கத்தில் ஐம்பது, நடுவில் முப்பது, கடைசியில் முப்பது ஒப்பிடுங்கள். எல்லா இடத்திலும் நகல் என்றே தெரிந்தால் முன்னுரையில் அதைச் சொல்லி அடிக்குறிப்பிலிருந்து நீக்கலாம். இரண்டாம் சுவடியில் இன்று முறிந்து கிடக்கும் இடத்தில் காகிதம் முழுதாக இருந்தால் மட்டும் அங்கே அதுவே சாட்சி.

ஒரு சுவடி கூடுதலாகப் பார்த்ததால் வந்த பலனுக்குக் குறிஞ்சிப்பாட்டைச் சொல்வார்கள். பூப்பெயர் அடுக்கில் மற்ற ஏடுகளில் உதிர்ந்திருந்த பெயர்கள் உ.வே.சா.வுக்குத் தருமபுர ஆதீனத்து ஏட்டில் கிடைத்தன.

புள்ளிமயங்கி:
ஒரு சேர்க்கை. எதுகை மோனை கெட்ட பாடத்தைக் கண்டவுடன் பிழை என்று தள்ளவேண்டாம். ஏடு எழுதியவர்களில் புலவர்கள் உண்டு, அவர்களே எதுகையைச் சீர்செய்து எழுதுவார்கள். மற்ற சுவடிகளில் அரிய சொல்லும் ஒன்றில் மட்டும் எளிய சொல்லும் இருந்தால், எளியது பின்னால் நுழைந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

ஏட்டுக்கட்டு:
குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: சுவடிகளுக்குச் சுருக்கக்குறி அ, ஆ, இ என்று வைக்கட்டுமா?

எண்சீர்:
வேண்டாம். 114அ என்று கூடுதல் பாடலுக்கு ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள், மோதும். சுவடி இருக்கும் இடத்தின் முதலெழுத்தை வையுங்கள்: சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் என்றால் செ1, செ2, சரசுவதி மகால் என்றால் ச, அச்சுக்கு அச், காகிதத்துக்குக் கா. நூலகத்தின் சுவடியெண்ணை முன்னுரையில் முழுதாகக் கொடுங்கள். தொடங்கிய பின் குறியை மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் எல்லாக் கட்டத்திலும் ஒரே நாளில் மாற்றி, பழைய கோப்பைத் தனியே பூட்டி வையுங்கள்.